முதலில் கப்பலேறியவளுக்கு

நேற்று மாலை வண்ணாரப்பேட்டைக் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். நடைபாதையில் ஒருவன் பழைய கம்பளிக் கோட்டுகளைக் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்கு வருகிற மாலுமிகள் விற்றுவிட்டுப் போகிற கோட்டுகள். சற்றுமுன் தூறல் போட்டிருந்தது. நனைந்த கம்பளியும் அந்துருண்டையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன்.

"இந்த ஊர் வெயில்ல இத யாருப்பா வாங்குவா?" என்று கேட்டேன்.

"சீமைக்குப் போறவங்க கேட்டுகினு வராங்கம்மா. உனுக்கும் ஒண்ணு தரட்டா?" என்றான்.

வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நடந்தேன். வீடு வருகிறவரை நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் கூடவே வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நம் பழக்கமே போட்டியில்தான் தொடங்கியது. நான் தெற்கேயிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் கடைபோட்ட கருப்பட்டி மண்டிக்காரர் மகள். நீ ராயபுரத்துக்காரி. உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நகரத்தின் மறுகோடியில் இருந்த பெண்கள் கல்லூரிக்கு இருவரும் ஒரே டிராமில் போனோம். ஒரே ரசாயன வகுப்பில் உட்கார்ந்தோம். நீ முதல் நாள் என்னை "இன்னாமே" என்று கூப்பிட்டாய். மரியாதை தெரியாதவள் என்று நினைத்தேன். நான் எங்கள் தெற்கத்தி வழக்கப்படி உன்னை "ஏட்டி" என்று கூப்பிட்டபோது, நீ வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாய். அந்த இரண்டு சொற்களையும் நாம் கடைசிவரை விடவில்லை.

பட்டத் தேர்வில் நான் முதல், நீ இரண்டாவது. உனக்கு இது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து புதிதாக ஒரு கல்லூரி தொடங்கியபோது, அதன் ரசாயனச் சோதனைச்சாலையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் என் பெயர்தான் மேலே, உன் பெயர் அதற்குக் கீழே.

அந்த வரிசை மாறியது வெளிநாட்டுச் சங்கத்தார் வந்த அன்றுதான்.

உலகப் போர் முடிந்தபின் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி அந்தச் சங்கத்தை வைத்திருந்தன. குண்டு விழுந்து எரிந்த நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்புவதில் அவர்கள் வேலை தொடங்கியது. பிறகு நம்மைப் போலப் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளின் கல்லூரிகளைப் பார்க்க வந்தார்கள். அங்கே பாடம் எந்தத் தரத்தில் நடக்கிறது, என்ன குறை, எதைக் கொடுத்தால் குறை தீரும் என்று கேட்டார்கள். போகிற இடத்தில் ஒரு இளம் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க அனுப்பினார்கள். நம் கல்லூரியில் அந்த இடத்துக்கு நின்றவர்கள் நாம் இருவர்.

எங்கள் வீட்டில் நான் போவது முடிவாகிவிட்ட காரியம். என் அம்மா மாதா கோயிலில் எனக்காகப் பூசைக்குக் கூடச் சொல்லி வைத்துவிட்டாள்.

வந்தவர்களில் கல்கத்தாப் பேராசிரியர் ஒருவர். இன்னொருவர் ஐரோப்பாவின் ஏதோ ஒரு குளிர் நாட்டைச் சேர்ந்த வெள்ளைக்காரக் கிழவி; கைத்தடி ஊன்றி நடந்தாள். ரசாயனத்தில் பெரிய படிப்பாளி என்றார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்து, குடுவைகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தோம். கிழவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "இந்தச் சோதனைச்சாலையில் சரியில்லாதது எது?"

கல்லூரி முதல்வர் என் பக்கத்தில் நின்றார். "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது அம்மா. மாணவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதே கேள்வியை உன்னிடம் கேட்டாள். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தராசு சரியில்லை. சுவருக்குப் பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் முள் ஆடுகிறது. அந்த நேரத்தில் எடுக்கிற எடையை நான் நம்புவதில்லை. பிள்ளைகளையும் நம்பவிடுவதில்லை" என்றாய்.

முதல்வர் முகம் கறுத்தது. கிழவி சிரிக்கவில்லை. "வண்டி எப்போது வரும்?" என்று கேட்டாள். "வர நேரந்தான்" என்றாய் நீ. அவள் தராசுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாம் எல்லாரும் ஒரு கூட்ஸ் வண்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். துறைமுகத்திலிருந்து வண்டி கிளம்பி வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் முள் நடுங்கத் தொடங்கியது. கிழவி முள்ளைப் பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இடம் எனக்கில்லை என்று.

தராசு ஆடுவது எனக்குத் தெரியாததா? உனக்கு முன்பே நான் கண்டுபிடித்தது அது. உனக்குச் சொன்னதே நான்தான்.

முடிவைச் சொல்ல முதல்வர் இருவரையும் ஒன்றாக அழைத்தார். வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞானம், கோவமாமே?" என்றாய். "இல்லட்டி" என்றேன். "பொய் சொல்லாதமே. மூஞ்சி நாலு மொழம் நீண்டு கீது" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயை இழுத்துப் பிடித்த மாதிரி வலித்தது.

உனக்குக் கோட்டு வாங்கக்கூட என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாய். துறைமுக வாசலுக்கு எதிரே மாலுமிகள் விற்ற துணிகளைப் போட்டிருந்த கடை அது. ஆண்பிள்ளைக் கோட்டு, தோள் இறங்கி, கை உள்ளங்கையை மூடியது. சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாய். போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். "எப்டிமே கீறேன்?" என்றாய். "கரடி மாதிரி இருக்க" என்றேன். உண்மையில் உனக்கு அது அழகாகத்தான் இருந்தது. நான் ஒருதரம் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

நீ கப்பலேறிய அன்று உன் நைனாவுக்கு வேலை நாள். கரையிலிருந்து பெட்டிகளைக் கப்பலுக்குத் தூக்கியது அவருடைய கிரேன்தான். உன் தகரப் பெட்டி இருந்த வலையை மட்டும் அவர் அவ்வளவு மெதுவாக ஏற்றினார். கூலிக்காரர்கள், "இன்னா நைனா, முட்டையா தூக்குற?" என்று கத்தினார்கள். உன் அம்மா அழுதாள். நானும் அழுதேன். எல்லாரும் நான் உன்னைப் பிரிவதற்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். பாதி அதற்காகத்தான்.

அந்த வருஷம் முழுவதும் உன் வகுப்புகளையும் சேர்த்து நானே எடுத்தேன். நீ அனுப்பிய படத்தபால் அட்டைகளை முதல்வர் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். பனி மூடிய கூரைகள், பெரிய வாசல் வைத்த கட்டடங்கள். "பனி பெய்கிறது. நலம். எல்லாரையும் கேட்டதாகச் சொல்" என்பதற்கு மேல் நீ எழுதவில்லை. மாணவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், உங்க தோஸ்து எப்போ வருவாங்கோ?" என்று கேட்டார்கள். என்னைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. நானோ அந்த அட்டையில் இருந்த சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தச் சன்னலுக்குப் பின்னால் நீ நிற்கிறாய், என்ன கருவியைக் கையில் வைத்திருக்கிறாய் என்று கற்பனை செய்துகொண்டிருப்பேன். உனக்கு அங்கே ஆடாத தராசு கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்காது.

நீ திரும்பி வந்தபோது மாலை போட்டார்கள். மண்டபத்தில் பேசச் சொன்னார்கள். நன்றாகவே பேசினாய். அந்த நாட்டு நூலகம், மாணவர்கள் பேராசிரியரோடு வாதாடும் துணிச்சல் எல்லாம் சொன்னாய். கூட்டம் கலைந்தபிறகு சோதனைச்சாலைக்கு வந்தாய். நான் உப்புக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இளைத்துப்போயிருந்தாய். முக்காலியில் உட்கார்ந்து, "மண்டபத்துல சொல்லாதத உன்கிட்ட சொல்றேன் ஞானம்" என்றாய்.

அங்கே போய் இறங்கிய முதல் வாரமே உன் பட்டத்தைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினாராம். இது எங்கள் பட்டத்துக்கு ஈடாகுமா என்று எங்களுக்குத் தெரியாது, தெரியாததை ஒப்புக்கொள்ள முடியாது என்றாராம். உன்னைப் பள்ளி முடித்துவிட்டு வந்த பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நம் மாணவர்களுக்கு நீ தினமும் சொல்லிக்கொடுத்த அதே சோதனைகளை, கற்றுக்கொள்கிறவளாக நீ செய்தாய்.

"பக்கத்து பெஞ்சி பையன் எனிக்கு பியூரெட் குழா புடிக்க சொல்லித் தர்றான் மே. நான் தலய ஆட்டிகினு கேட்டுகினு கீறேன்" என்றாய். சிரிக்கத்தான் பார்த்தாய். முடியவில்லை.

நீ யாருக்கும் விவரமாக எழுதாததன் காரணம் அதுதான். எழுதினால் நைனா அவமானப்படுவார் என்று பயந்தாய். கைத்தடிக் கிழவிக்கு விஷயம் தெரிந்தபோது பாதி வருஷம் போயிருந்தது. அவள் சங்கத்தில் சண்டை போட்டாள். ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால் கூட்டுறவு என்று பேசுவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாளாம். உங்கள் ஊர்ப் பட்டத்தில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், விவரமாக எழுதிக்கொடு என்று பல்கலைக்கழகத்தார் உன்னிடம் கேட்டார்கள். நீ எழுதினாய். நம் கல்லூரியில் சோதனைகளை எந்த வரிசையில் நடத்துவது என்று நான் வகுத்திருந்த முறை முழுவதையும் ஞாபகத்திலிருந்து எழுதினாய். பிறகு அவர்கள் பேராசிரியர்கள் உன்னை நேரில் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி மேல்வகுப்புச் சோதனைச்சாலைக்குள் போனாய். போனபோது மிச்சமிருந்தவை கடைசி மாதங்கள்தான்.

கேட்டுக்கொண்டே நின்ற எனக்கு என்னென்னவோ வந்தது. இரக்கம் வந்தது. நீ அவமானப்பட்டாய் என்பதில் ஒரு சின்ன சந்தோஷமும் மின்னி மறைந்தது. அது அடங்கியதும் மறுபடி பொறாமைதான். எதிர்த்து நின்று ஜெயிக்க உனக்கு ஒரு வாசல் கிடைத்ததே! எனக்கு இங்கே கிடைத்தது குப்பி துடைக்கிற துணி.

அடுத்த வருஷம் அந்தச் சங்கம் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. நாட்டுக்கு நாடு பட்டங்களை ஒப்பிட்டு, எது எதற்கு ஈடு என்று பேசி முடிவுசெய்ய ஒரு குழுவைக் கூட்டியது. நம் மாகாணத்திலிருந்து ஒரு ஆசிரியர் வரவேண்டும் என்றார்கள். உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று கல்லூரியே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அழைப்பு எனக்கு வந்தது.

சோதனை முறை யார் வகுத்தது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். நீ என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். அதனால் அதை வகுத்தவளையே அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டார்கள். முதல்வர் அறையில் அதைக் கேட்டதும் நான் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "நல்லதுமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. வாரம் முழுவதும் கண்ணில் படாமல் நழுவினாய். கடைசியில் ஒருநாள் அமில அறையில் உன்னை மடக்கினேன்.

"ஏட்டி, என்னதான் உனக்கு?"

"இன்னாவா? பேரு சொன்னது நானு. அங்க போயி பச்ச புள்ளைங்களோட குந்திகினு பேஜாரு பட்டது நானு. கூப்புட்டது உன்னியா?" என்று வெடித்தாய். "வயிறு எரியுதுமே எனிக்கு. அடுப்பாட்டம் எரியுது. ஒரு வாரமா தூக்கமில்ல."

நான் உன்னைப் பார்த்தேன். உன் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கண் நிறைந்திருந்தது. எனக்குள் அப்படியொரு ஆனந்தம் பொங்கியது. இத்தனை வருஷமாக நான் மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தேனே!

"எனக்கு எத்தன வருசமா எரியுது தெரியுமா?" என்றேன். "தராசு ஆடுதுன்னு நீ சொன்ன அன்னைலேருந்து எரியுது. அது நான் உனக்குச் சொன்னது."

"தெரியும்" என்றாய். "அதனாலதான் அங்க உன் பேர சொன்னேன். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் பூடும்னு பாத்தேன். இப்டி ஆவும்னு எவ கண்டா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகமில்லை. அமில நெடியில் இருமிக்கொண்டே சிரித்தோம். கரடிக் கோட்டை மறுநாள் நீயே கொண்டுவந்து கொடுத்தாய். "கறை பண்ணிகினு வந்த, தொலச்சிடுவேன்" என்றாய்.

ஏரிக்கரையில் இருந்த ஒரு நகரத்தில் கூட்டம் நடந்தது. நீண்ட மேசையைச் சுற்றிப் பல நாட்டுக்காரர்கள். உள்ளே நுழைந்ததும் கைத்தடிக் கிழவி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவள் எப்படி இருக்கிறாள்?" நீதான். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயும் எனக்கு முன்னால் நீ போய் உட்கார்ந்திருந்தாய்.

நம் பட்டம் பேச்சுக்கு வந்தபோது தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் தலையசைத்தார். சில மணி நேரத் தேர்வு எழுதிப் பட்டம் வாங்குகிறவர்களின் கைத்திறமையை எப்படி நம்புவது என்றார். நான் எழுந்தேன். "எங்கள் ஊரில் மாணவன் கையில் பெயர் தெரியாத உப்பைக் கொடுத்து, இது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்கிறோம். பக்கத்தில் நின்று பார்ப்பது அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அல்ல, முன்பின் தெரியாத வேறு கல்லூரிக்காரர். உங்கள் மாணவனுக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்?" என்று கேட்டேன். "அவனுடைய ஆசிரியரேதான்" என்று கிழவி மேசையின் மறுகோடியிலிருந்து சொன்னாள். சிரிப்பு எழுந்தது.

அதன்பிறகும் நாள்கணக்கில் வாதாடினோம். ஒவ்வொருவருக்கும் தங்கள் ஊர்ப் பட்டம் தங்கள் பிள்ளை மாதிரி. கடைசியில் நம் பட்டம் ஈடானது என்று எழுதிக்கொண்டார்கள். இனி நம்மிடமிருந்து போகிறவர்களைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை, நேராக மேல்வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சங்கத்தில் சேர்ந்திருந்த பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்டன.

திரும்பி வந்து துறைமுகத்தில் இறங்கியபோது நீ நின்றிருந்தாய். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "எங்க குந்த வச்சாங்க? பக்கத்துல யாரு? இன்னா துண்ண குடுத்தாங்க? கெய்வி என்னியக் கேட்டுச்சா?" என்று மூச்சுவிடாமல் கேட்டாய். ஒவ்வொரு கேள்வியும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று நான் கேட்டுக்கொண்டவைதான் அவை. "மொதல்ல உன்னைத்தான் கேட்டா" என்றேன். "மொதல்லயேவா?" என்று முகம் மலர்ந்தாய். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னதுதான் நல்லது.

பிறகு சில வருஷங்கள்தான். மஞ்சள் காமாலை உன்னை அவ்வளவு சீக்கிரம் உருக்கிவிட்டது. ராயபுரம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த கடைசி மாலை, புதிய பிள்ளைகள் சேர்ந்திருப்பதையும் அவர்களில் ஒருத்தி உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கிக்கட்டிக்கொண்டதையும் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய். பிறகு சொன்னாய்: "நீ நாளிக்கும் லேபுக்குப் போவ இல்ல?"

"போவேன்."

"எரியுதுமே ஞானம்" என்றாய்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணூரிலிருந்து நம்மிடம் வந்து படித்தாளே, உப்பளத்துக்காரர் மகள், அவள் போன மாதம் கல்லூரிக்கு வந்தாள். உன்னிடம் படித்துப் பட்டம் வாங்கியவள். நீ போன அதே குளிர் நாட்டில், அதே பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவளை உட்காரவைத்து முதலில் கேட்டது அதைத்தான்.

"சேரும்போது உன் பட்டத்தைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "இன்னா சொல்லுவாங்க டீச்சர்? பாத்தாங்க. கையெழுத்து போடச் சொன்னாங்க. நேரா லேபுக்கு அனுப்பிட்டாங்க. அதுல சொல்றதுக்கு இன்னா கீது?" என்றாள்.

அங்கே ஒருத்தி பாதி வருஷம் வாசலில் நின்றாள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் அந்தச் சோதனைச்சாலையைப் பற்றி, தராசு அறையைப் பற்றி, பனியில் வழுக்கி விழுந்ததைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனாள். அந்த அலட்சியத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு சுலபமாக உள்ளே நடந்து போயிருக்கிறாளே! அவள் போனபிறகும் அது தணியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சோதனைச்சாலையைச் சுற்றிப் பார்த்தேன். யாரிடம் சொல்ல? வாய்விட்டு உன்னிடம்தான் சொன்னேன். "எரியுதுட்டி" என்றேன்.

நீ இருந்திருந்தால், "எனிக்கும்தாம்மே" என்று சொல்லிவிட்டு, அவள் என்னென்ன சொன்னாள், ஒன்றுவிடாமல் சொல் என்று முக்காலியை இழுத்துப் போட்டிருப்பாய்.